1453இல் பட்டுப்பாதையைப் பூட்டியது யார்?

வாசகர் ஒருவர், 9 பிப்ரவரி 2024, மாலை 6.12

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) பிடித்ததும் பட்டுப்பாதை அடைபட்டது, அதனால் ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள், அது கிடைத்ததும் பாதையை நம்பியிருந்த பேரரசுகள் சரிந்தன. எல்லா கைடிலும் இப்படித்தான் இருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பேரரசுகள் பாதையால் எழுந்து பாதையாலேயே விழுந்தன என்று ஒரே வரியில் எழுதிவிடலாமா?

9 பிப்ரவரி, இரவு 10.40

எழுதலாம், மார்க்கும் போடுவார்கள். ஆனால் நடந்தது அது இல்லை.

முதலில் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சீனாவில் ஹான் வம்சம் 220இல் முடிந்தது. ஈரானில் பார்த்தியர் 224இல் போனார்கள், அவர்களைத் தள்ளிவிட்டு வந்த சாசானியர் 651இல் போனார்கள். சீனாவில் தாங் வம்சம் 907. மங்கோலியரின் யுவான் 1368. தைமூர் இறந்தது 1405. கான்ஸ்டாண்டிநோபிள் விழும்போது தைமூரின் வாரிசுகள் மட்டும் சமர்கந்திலும் ஹெராத்திலும் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர்களைச் சாய்த்தவர்களும் போர்த்துகீசியர் அல்ல, வடக்கிலிருந்து குதிரையில் வந்த உஸ்பெக்குகள். கடல்வழி வந்து கவிழ்ப்பதற்கு அங்கே யார் மிச்சம் இருந்தார்கள்?

அடுத்து, பூட்டு. நகரம் விழுந்தது 1453 மே 29. எதிர்க்கரையில் கலாத்தாவில் இருந்த ஜெனோவா வணிகர்களுக்கு சுல்தான் மெஹ்மத் ஜூன் 1ஆம் தேதியே உரிமைப் பத்திரம் கொடுத்துவிட்டார்: வரலாம், போகலாம், வியாபாரம் செய்யலாம். நகரத்தைக் காக்கத் தோளோடு தோள் நின்று சண்டை போட்ட வெனிஸ்காரர்கள்கூட அடுத்த ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கடையை மூட நினைக்கிறவன் செய்கிற வேலையா இது?

இன்னொன்று. ஐரோப்பியருக்கு வேண்டியிருந்தது முக்கியமாக மிளகு. அது கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் போகவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். செங்கடல் ஏறி அலெக்சாந்திரியா போய் அங்கிருந்து வெனிஸ் போனது. எகிப்து மம்லுக்குகள் கையில் இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த ஒட்டோமான் துருக்கியர் எகிப்தைப் பிடித்தது 1517இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. பத்தொன்பது வருடம் கழித்துப் போடப்போகிற பூட்டுக்கு முன்கூட்டியே மாற்றுவழி தேடினார் போல.

10 பிப்ரவரி, காலை 7.05

"அப்போ தேர்வில் என்ன எழுத?" என்று கேட்டிருக்கிறீர்கள். கைடில் உள்ளதையே எழுதுங்கள் தம்பி. வேலை கிடைத்தபிறகு வந்து சண்டை போடுவோம்.

10 பிப்ரவரி, இரவு 11.20

இந்தக் கேள்வி என்னை ஏன் இப்படி உசுப்புகிறது என்றால் என் தொழில் கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங். தூத்துக்குடியில் பெட்டியை ஏற்றி, கொழும்பில் மதர் வெசலுக்கு மாற்றி, ஐரோப்பாவுக்கு அனுப்புகிற வேலை. திருப்பூர் சரக்குதான் அதிகம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல் மீது ஏவுகணை விழ ஆரம்பித்ததும் பெரிய ஷிப்பிங் லைன்கள் எல்லாம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. சரக்கு இரண்டு வாரம் தாமதம், ஃபிரைட் பல மடங்கு, அதற்கு மேல் போர் அபாயக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி பில்லில். இத்தனைக்கும் சூயஸ் கால்வாயை யாரும் மூடவில்லை. திறந்தேதான் இருந்தது. எகிப்துக்காரனுக்கு அதில் ஒரு கப்பலாவது வந்தால் போதும் என்று இருந்தது.

பாதை என்பது ஒருவர் பூட்டி இன்னொருவர் திறக்கிற கதவு இல்லை. வழியில் காவல் யார், காசு யார் வாங்குகிறார், எத்தனை இடத்தில் வாங்குகிறார் என்பதுதான் கணக்கு. கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் சரக்கு வேறு பக்கம் ஒழுகும். சுங்கத்தில் வாழ்கிற அரசன் தன் பாதையைத் தானே அடைக்க மாட்டான். ஒட்டோமான்களுக்கு புர்சா நகரில் ஈரான் பட்டு இறங்கும்போது கிடைத்த வரி பெரிய வருமானம். 1514இல் ஈரானோடு போர் மூண்டபோது சுல்தான் செலிம் ஈரான் பட்டுக்குத் தடை போட்டார். அவர் மகன் சுலைமான் பட்டம் ஏறியதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அதை எடுத்தது.

11 பிப்ரவரி, மதியம் 1.15

சுங்கம் என்றதும் பல்மைரா நினைவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது.

சிரியப் பாலைவனத்தின் நடுவே, ஈச்சமரமும் ஊற்றும் உள்ள ஊர். கி.பி. 137இல் அந்த நகரசபை தன் வரிப் பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்தது, கிரேக்கத்திலும் பல்மைரா மொழியிலும். கல் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்று அதன் தொடக்கத்திலேயே சொல்கிறார்கள்: பழைய சட்டத்தில் பல பொருள்கள் விட்டுப்போயிருந்தன, வழக்கம் என்ற பெயரில் வசூல் நடந்தது, வணிகர்களுக்கும் வரி வசூலிப்பவர்களுக்கும் ஓயாத தகராறு. படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கிற பஞ்சாயத்து இதுதான். எந்தத் தலைப்பில் வரும், எந்த விகிதம், பழைய சர்க்குலரா புதியதா.

உள்ளே வருகிற அடிமைக்குத் தலைக்கு 22 தினாரி (ரோம வெள்ளிக்காசு). வாசனைத் தைலம் அலபாஸ்டர் குடுவையில் வந்தால் ஒரு விகிதம், ஆட்டுத்தோல் பையில் வந்தால் அதைவிடக் குறைவு. விலைமகளிர் ஒருமுறைக்கு என்ன வாங்குகிறார்களோ அதே தொகை வரி. இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒட்டக விதி. வெளியிலிருந்து வருகிற ஒட்டகம் சரக்கோடு வந்தாலும் காலியாக வந்தாலும் ஒரு தினாரி. காலி கன்டெய்னருக்குக் காசு கட்டி அழுகிறவர்கள் ஆறுதல் அடையலாம், பதினெட்டு நூற்றாண்டாக இதே கதைதான்.

கவனியுங்கள், இது பேரரசு இல்லை, ரோமுக்கு அடங்கிய ஒரு நகரம். அதன் செல்வத்தில் பெரும்பகுதி சீனா வரை நீண்ட தரைவழியால் வந்ததும் இல்லை. பாரசீக வளைகுடாவின் தலைப்பில் இருந்த கராக்ஸ் துறைமுகத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த கப்பல் சரக்கை, பாலைவனம் தாண்டி ரோமப் பக்கம் கொண்டுபோனார்கள். சிந்துப் பக்கம் போய்வந்த கப்பல்களை பல்மைரா கல்வெட்டுகளே குறிக்கின்றன. அப்புறம் 220களில் சாசானியர் எழுந்து கராக்ஸைத் தன்வசப்படுத்தினார்கள். துறைமுகம் எதிரி கையில். ராணி செனோபியா எகிப்து வரை படை அனுப்பியதும், 272இல் ரோமச் சக்கரவர்த்தி ஔரேலியன் வந்து அடக்கியதும் அதற்குப் பிறகு நடந்தவை. அவளுடைய பேராசையால் நகரம் அழிந்தது என்று எழுதுவார்கள். நகரத்தின் அடிமடியில் ஏற்கெனவே கை வைக்கப்பட்டிருந்ததை யாரும் எழுதுவதில்லை.

11 பிப்ரவரி, இரவு 9.30

"கடல்வழியே தமிழர் கண்டதுதான், வாஸ்கோ ட காமா என்ன பெரிய ஆள்" என்று ஒருவர். தமிழர் மட்டும் கண்டதில்லை ஐயா. எகிப்துக் கிரேக்கர், அரேபியர், குஜராத்திகள் எல்லாரும் அந்தக் கடலில் இருந்தார்கள். ஆனால் உங்கள் பேச்சில் ஒரு சாரம் இருக்கிறது. கடல்வழி 1498இல் பிறக்கவில்லை. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த செங்கடல் கையேட்டில், சீனப் பட்டு பாக்திரியா (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கம்) வழியாகத் தரையில் பரிகாசாவுக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, வருகிறது என்றும் கங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வருகிறது என்றும் இருக்கிறது. தரைவழியும் கடல்வழியும் போட்டிக் கடைகள் அல்ல. ஒரே சரக்கு பாதி வழி ஒட்டகத்திலும் மீதி வழி கப்பலிலும் போனது.

நடுவில் உட்கார்ந்து இதில் சம்பாதித்தவர்கள் குஷானர்கள். ஆமு தரியாவிலிருந்து கங்கைச் சமவெளி வரை கையில். பார்த்தியரோடு ரோமுக்கு ஆகாது, பார்த்திய எல்லைக்குள் போனால் வரி, சண்டை. அதனால் பாக்திரியாவில் இறங்கிய சரக்கு இந்துகுஷ் தாண்டி, சிந்து நதி வழியாகக் கடலுக்கு. பார்த்தியரைத் தொடாமலே ரோமுக்கு. காபூலுக்கு வடக்கே பெக்ராமில் 1937இலும் 1939இலும் பிரெஞ்சு அகழ்வாளர்கள் அடைக்கப்பட்டிருந்த இரண்டு அறைகளைத் திறந்தபோது ரோமக் கண்ணாடி, இந்திய யானைத்தந்தச் செதுக்கல், சீன அரக்குப் பெட்டி மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. அரண்மனைக் கருவூலமா, வணிகர் கிடங்கா என்று இன்னும் சண்டை நடக்கிறது. கிடங்கு என்பதுதான் எனக்குப் பிடித்த பக்கம். தொழில் புத்தி.

ரோமப் பக்கத்தில் என்ன வாங்கினார்கள் என்றால், இறக்குமதியில் நான்கில் ஒரு பங்கு. முசிறியிலிருந்து ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் போன ஒரே ஒரு சரக்கின் மதிப்பு, வரி போக, சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமக் காசு) என்று இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று கணக்குக் காட்டுகிறது. இருபத்தைந்து சதவீதம் கறந்துகொண்டிருந்தவர்கள், வழி திறந்திருக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிட்டிருப்பார்கள்.

14 பிப்ரவரி, இரவு 12.10

தூக்கம் வரவில்லை. பேரரசுகளை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றி எழுதுகிறேன்.

சோக்தியர்கள். சமர்கந்து, புகாரா, பஞ்சகந்த் இருக்கும் சரஃப்ஷான் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மக்கள், இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கம். இவர்களுக்குப் பேரரசு என்று ஒன்று இருந்ததே இல்லை. சின்னச் சின்ன நகர அரசுகள், யார் வலுத்தாலும் அவருக்குக் கப்பம். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு அந்தப் பாதையின் வணிகமொழி இவர்களுடையது.

1907இல் ஆரல் ஸ்டெய்ன் என்ற ஆய்வாளர், சீனாவின் மேற்கு எல்லை ஊரான துன்ஹுவாங்குக்கு மேற்கே இடிந்த காவற்கோபுரம் ஒன்றில் சில சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். காகிதத்தில் எழுதி மடித்தவை. போய்ச்சேராத தபால். ஏறத்தாழ 313ஆம் ஆண்டு. ஒன்று நனய்-வந்தக் என்ற வணிகர் சமர்கந்தில் இருக்கும் தம் ஆட்களுக்கு எழுதியது. சக்கரவர்த்தி பஞ்சத்தால் லோயாங்கை விட்டு ஓடிவிட்டாராம், அரண்மனைக்கும் நகரத்துக்கும் தீ வைத்துவிட்டார்களாம், அங்கிருந்த இந்தியரும் சோக்தியரும் பட்டினியில் செத்துப்போனார்களாம். சீனத் தலைநகர் லோயாங் 311இல் சியோங்நு என்ற வடக்கு நாடோடி இனத்தின் படையிடம் விழுந்த செய்தி இது. ஒரு பேரரசின் தலைநகரம் எரிந்த கதையைச் சொல்லிவிட்டு அதே கடிதத்தில் கஸ்தூரிப் பைகள் அனுப்பியிருக்கிறேன் என்கிறார், அனாதைப் பையன் ஒருவனை நினைத்து ஊரில் வைத்த பணத்தை வட்டியோடு பெருக்கச் சொல்கிறார். இந்தப் பக்கத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும் என்ற உணர்வு ஒவ்வொரு தடவையும்.

இன்னொன்று மீவ்னய் என்ற பெண், தன் கணவன் நனய்-தாத்துக்கு எழுதியது. துன்ஹுவாங்கில் விட்டுவிட்டு ஆள் போய்விட்டான். அம்மா பேச்சையும் அண்ணன்மார் பேச்சையும் கேட்காமல் உன் பின்னால் வந்தேனே, உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்கிறாள். கீழே மகள் ஷயின் ஒட்டுக் குறிப்பு: அப்பா வைத்த கடனால் நாங்கள் சீனர் வீட்டில் வேலைக்காரிகளாகிவிட்டோம். பட்டுப்பாதை என்றதும் மணியோசையோடு நடக்கிற ஒட்டக வரிசையைப் படமாகப் போடுகிறவர்கள் இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் போடலாம்.

14 பிப்ரவரி, இரவு 8.45

சமர்கந்து போயிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: போனேன். ரெஜிஸ்தான் சதுக்கத்தில் படம் எடுக்கிற கூட்டம் அஃப்ராசியாப் மேட்டுக்கு வருவதில்லை. அங்கேதான் பழைய சமர்கந்து மண்ணுக்குள் கிடக்கிறது. 1965இல் சாலை போடும்போது ஓர் அறைச் சுவர் வெளிப்பட்டது. சுமார் 660ஆம் ஆண்டு ஓவியம், வர்ஹுமான் என்ற அரசன் காலத்தது. மங்கிப்போன நீலப் பின்னணி. மேற்குச் சுவரில் பல நாட்டுத் தூதர்கள், அதில் சீனர்கள் பட்டுச் சுருளும் நூல்கண்டும் பட்டுக்கூடும் ஏந்தி நிற்கிறார்கள். ஒரு தூதருடைய அங்கியின் மேலேயே சோக்திய எழுத்தில் வசனம்: சகானியான் என்ற பக்கத்து அரசிலிருந்து வருகிறேன், உங்கள் தெய்வங்களையும் எழுத்தையும் அறிவேன், அரசருக்குக் கேடு செய்யவில்லை என்கிற பொருளில். பாஸ்போர்ட்டை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நிற்பது போல. வழிகாட்டிப் பெண் ஓவியத்தைவிட்டு எங்களை அவசரமாக நகர்த்தப் பார்த்தாள், மதியச் சாப்பாடு பிலாஃப் ஆறிவிடுமாம்.

17 பிப்ரவரி, மாலை 5.50

"பட்டுக்காகப் போர் நடந்ததே, அதைச் சொல்லவில்லையே" என்கிறார் ஒருவர். சொல்கிறேன்.

552இல் மத்திய ஆசியாவின் ஸ்டெப்பிப் புல்வெளியில் துருக்கியர் எழுந்தார்கள் (அனடோலியாவுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்). வட சீனாவில் அப்போது இரண்டு அரசுகள், இரண்டும் துருக்கியருக்குப் பயந்து போட்டிபோட்டுப் பட்டு கொடுத்தன. வட சோ அரசு மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் சுருள். தெற்கே இரண்டு பிள்ளைகள் ஒழுங்காக இருக்கும்வரை எனக்கு வறுமை ஏது என்று ஒரு ககான், அதாவது துருக்கிய மன்னர், சொன்னதாகச் சீன வரலாறு எழுதியிருக்கிறது. கப்பமாக வந்த பட்டு. கட்டிக்கொள்ள முடியாத அளவுக்கு. விற்றுத் தர சோக்தியர்கள் வந்தார்கள்.

அவர்களில் மனியாக் என்பவர் ஈரான் மன்னர் முதலாம் குஸ்ரோவிடம் பட்டு விற்க அனுமதி கேட்கப் போனார். குஸ்ரோ முழு விலை கொடுத்துப் பட்டு முழுவதையும் வாங்கினார். வாங்கி, தூதர்கள் கண்முன்னாலேயே தீ வைத்தார். இரண்டாவது தூதுக் குழுவில் பெரும்பாலோர் விஷத்தில் செத்தார்கள், ஈரானின் வறண்ட வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கதை கட்டப்பட்டது. உடனே மனியாக் ஈரானைச் சுற்றிக்கொண்டு, காஸ்பியனுக்கு வடக்கே, காக்கசஸ் தாண்டி, 568இல் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே சக்கரவர்த்தி இரண்டாம் ஜஸ்டின் என்ன காட்டினார் தெரியுமா? பட்டுப்புழு வளர்ப்பை. அவருக்கு முந்தைய சக்கரவர்த்தி ஜஸ்டினியன் காலத்திலேயே துறவிகள் முட்டையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். இத்தனை மைல் கடந்து பட்டு விற்க வந்தவர் முகம் எப்படி இருந்திருக்கும். ஆனாலும் தூது வீணாகவில்லை, ஈரானுக்கு எதிராகக் கூட்டணி உருவானது.

குஸ்ரோ செய்ததுதான் உண்மையான பாதை மூடல். அப்போதும் சரக்கு நிற்கவில்லை, வடக்கே சுற்றிக்கொண்டது.

18 பிப்ரவரி, காலை 10.00

நேற்றைய குறிப்பை இரவு மறுபடி படித்தேன். அதில் "கப்பமாக வந்த பட்டு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

பட்டு அந்தக் காலத்தில் துணி மட்டும் இல்லை, பணம். தாங் அரசு மேற்கில் குச்சா, கோத்தான், காஷ்கர் என்று பாளையம் போட்டு அமர்ந்தபோது படைவீரர்களுக்குச் சம்பளமாகத் தானியமும் பட்டுச் சுருளும் அனுப்பியது. செம்புக்காசை அவ்வளவு தூரம் சுமந்து போவது கட்டுப்படியாகாது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பட்டு மேற்கே போனது. வாங்கிய சிப்பாய் அதைச் சந்தையில் கொடுத்து இறைச்சியும் குதிரையும் வாங்குகிறான். அந்தச் சந்தையில் கடை போட்டிருப்பவர் சோக்தியர். நாம் வியாபாரம் என்று நினைப்பதில் பெரும்பகுதி ராணுவச் சம்பளம் கைமாறிப் போனதுதான்.

மேற்குச் சீனாவின் துர்ஃபானில் அஸ்தானா கல்லறைகளில் பிணத்துக்கு அணிவித்த செருப்பும் உடையும் பழைய அரசாங்கக் காகிதத்தில் செய்யப்பட்டவை. அதைப் பிரித்து ஒட்டியபோது கிடைத்த வழக்கு ஒன்று 670களைச் சேர்ந்தது. சாவ் யென்யென் என்ற சோக்திய வணிகர் லி ஷாவ்ஜின் என்ற சீன வணிகருக்கு 275 சுருள் பட்டு கடன் கொடுத்தார். பிறகு பயணத்தில் ஆள் காணாமல் போனார். தம்பி சாவ் லுஷான் கையில் பத்திரம்கூட இல்லை, அண்ணனோடு போய்விட்டது. நீதிமன்றம் ஒப்பந்தத்தைப் பார்த்த சாட்சிகளை விசாரித்து, சீனர் கடனைக் கட்ட வேண்டும் என்றது. சொந்த நாட்டுக்காரனுக்கு எதிராக, வெளியூர்க்காரனுக்கு, அதுவும் பத்திரம் இல்லாமல். தாங் பேரரசு உச்சத்தில் இருந்தது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வழக்கு போதும். இப்படித் தீர்ப்புக் கிடைக்கிற இடத்தில்தான் கடன் கொடுப்பான், கடன் கொடுக்கிற இடத்தில்தான் சரக்கு நகரும். நான் டெலிவரி கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல், கையில் எல்லாப் பத்திரமும் இருந்தும், ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நாயாய் அலைந்திருக்கிறேன்.

18 பிப்ரவரி, மாலை 6.30

தலாஸ் போர் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 751இல் அப்பாசியப் படையிடம் தாங் தளபதி காவ் சியன்ஜி தோற்றார், கர்லுக் துருக்கியர் நடுச்சண்டையில் பக்கம் மாறினார்கள். அதோடு மத்திய ஆசியா சீனா கையைவிட்டுப் போயிற்று என்பார்கள். ஒரு போரில் தோற்று யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தாங் அடுத்த ஆண்டுகளில் அங்கேதான் இருந்தது. அடித்தது 755. அன் லூஷான், சோக்தியத் தந்தைக்கும் துருக்கியத் தாய்க்கும் பிறந்த தாங் தளபதி, கலகம் செய்தார். எட்டு ஆண்டு உள்நாட்டுப் போர். மேற்குப் பாளையங்களிலிருந்து படையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டு நின்றது. காலியான இடத்தில் திபெத்தியர் நுழைந்து துன்ஹுவாங் வரை பிடித்தார்கள். அதற்குப் பிந்தைய துன்ஹுவாங் ஆவணங்களில் நாணயம் கிட்டத்தட்ட மறைந்துபோகிறது, தானியத்துக்கும் துணிக்கும் பண்டமாற்று நடக்கிறது. கடல்வழி வந்து போட்டியாக நின்றது அல்ல காரணம், படைச்செலவு நின்றதுதான்.

சீனாவில் இருந்த சோக்தியர் பாடு திண்டாட்டம். அன் என்ற குடும்பப் பெயரே கெட்ட பெயராகிவிட்டது. அன் சோங்சாங் என்ற விசுவாசமான தளபதி அரசரிடம் மன்றாடிப் பெயரை மாற்றி லி பாவ்யூ ஆனார். மேற்கே சொந்த ஊரில் அரபுப் படைகள் ஏற்கெனவே வந்தாயிற்று: புகாரா 709, சமர்கந்து 712. பஞ்சகந்த் அரசர் தேவஷ்திச் முக் மலைக்கோட்டையில் ஒளிந்து, 722இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் கோட்டையில் விட்டுப்போன காகிதக்கட்டு 1930களில் வெளியே வந்தது, அரசியல் கடிதங்களோடு ஒரு கல்யாண ஒப்பந்தமும் அதில் இருக்கிறது.

23 பிப்ரவரி, இரவு 10.15

மங்கோலியர் பகுதிக்கு வாருங்கள் என்று மூன்று பேர். சுருக்கமாக.

1218இல் செங்கிஸ் கான் அனுப்பிய சுமார் 450 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தை ஒத்ரார் நகர ஆளுநர் இனால்சுக் உளவாளிகள் என்று சொல்லிக் கொன்று சரக்கைப் பறித்தார். அந்தப் பகுதியை ஆண்ட குவாரசம் பேரரசின் ஷா, அதாவது மன்னர், ஆளுநரை ஒப்படைக்க மறுத்தார், வந்த தூதரையும் கொன்றார். அடுத்த ஆண்டு படை வந்தது, 1220 முடிவதற்குள் ஷா காஸ்பியன் கடலில் ஒரு தீவில் செத்தார். பாதையால் விழுந்த பேரரசு என்று ஒன்றை நான் ஒப்புக்கொள்வேன் என்றால் குவாரசம்தான். அதுவும் பாதை மாறியதால் இல்லை, பறித்ததால்.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு அஞ்சல் நிலையம், பாதுகாப்புப் பட்டயம், அரசகுடும்பத்து மூலதனத்தில் வணிகம். 1340 வாக்கில் பெகொலொத்தி என்ற ஃபிளாரன்ஸ்காரர், டான் ஆற்று முகத்தில் இருந்த தானா என்ற துறைமுகத்திலிருந்து சீனா வரை இரவும் பகலும் வழி பத்திரம் என்று எழுதினார். மை காய்வதற்குள் 1343இல் அதே தானாவில் ஒரு வெனிஸ்காரர் ஹோஜா ஒமர் என்ற மங்கோலியப் பிரமுகரைத் தெருச் சண்டையில் கொன்றார். ஜானிபெக் கான் இத்தாலியர் எல்லாரையும் விரட்டினார், கிரிமியாவில் அவர்கள் கையில் இருந்த கஃபா துறைமுகத்தை முற்றுகையிட்டார். இத்தாலியில் பட்டு விலை ஏறியது. பின்னாலேயே கொள்ளைநோய். ஈரானில் மங்கோலியரின் இல்கான் ஆட்சி 1335இல் வாரிசில்லாமல் சிதறியிருந்தது. 1368இல் சீனாவும் போயிற்று.

கடைசி அடி தைமூர். 1395இல் வடக்கு வழியில் இருந்த சராய், ஆஸ்ட்ரகான், தானா நகரங்கள் மூன்றையும் தரைமட்டமாக்கினார். வடக்கு வழி செத்தால் சரக்கு சமர்கந்து பக்கம் வரும் என்ற கணக்கு. வந்தது, அவர் இருக்கும்வரை.

24 பிப்ரவரி, காலை 8.20

"எல்லாவற்றுக்கும் படைச்செலவு என்கிறீர்களே, பல்மைராவுக்கு என்ன படை?" நியாயமான கேள்வி. பல்மைராவின் ஒட்டகக் கூட்டத்துக்கு அதன் வில்வீரர்களே காவல், செலவைப் பணக்கார வணிகர்கள் ஏற்றார்கள், பதிலுக்கு நகரம் அவர்களுக்குச் சிலை வைத்தது. அந்தத் தூண்களில் சிலை வைத்த பீடம் இன்னும் துருத்திக்கொண்டிருக்கிறது. ஆக, காவலுக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும், அது அரசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாங் போன்ற இடத்தில் அரசு நின்றதும் எல்லாம் நின்றது. பல்மைரா போன்ற இடத்தில் துறைமுகம் போனதும் எல்லாம் போனது. இரண்டையும் ஒரே வரியில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

2 மார்ச், இரவு 9.05

வாஸ்கோ ட காமாவுக்குப் பிறகு தரைவழி செத்ததா என்பதற்கு ஒரே ஒரு தகவல். 1558இல் ஆண்டனி ஜென்கின்சன் என்ற ஆங்கிலேய வணிகர் புகாரா போனார். வியாபாரம் சொற்பம், சரக்கு மட்டம் என்று புலம்பிவிட்டுப் போனார். ஆனால் அவரே எழுதியிருக்கிறார்: இந்தியாவிலிருந்து வணிகர்கள் வெள்ளைப் பருத்தித் துணியோடு வருகிறார்கள், திரும்பும்போது பட்டு, தோல், அடிமைகள், குதிரைகளோடு போகிறார்கள் என்று. ஆங்கிலக் கம்பளிக்கு ஆள் இல்லை என்பதுதான் அவர் பிரச்சினை. அடுத்த நூற்றாண்டில் முல்தான் (இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஊர்) வணிகர்கள் வோல்கா முகத்தில் ஆஸ்ட்ரகானில் தங்களுக்கென்று தனிச் சத்திரமே வைத்திருந்தார்கள். அசர்பைஜானின் பாகு நகருக்கு வெளியே சுராகானி தீக்கோயிலில் நாகரியிலும் குர்முகியிலும் 18ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

முல்தான்காரர்கள் புகாராவில் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து அறுவடையில் வசூலித்த முறை பற்றி விவரமாகப் படித்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். குதிரை வியாபாரத்தை வேறு இழையாகத் தொடங்குவோம், இதில் சேர்த்தால் யாருக்கும் பக்கம் திறக்காது.